செவ்வாய்க்கிழமை ஸ்க்ரம்மைக் குறையுங்கள், சனிக்கிழமை ஸ்க்ரம்மை விட்டுவிடுங்கள்: உலக ரக்பி அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

டப்ளினில் இயங்கும் உலக ரக்பி அமைப்பின் தலைவருக்கும், ஆட்சிக்குழுவினருக்கும், விதிகளைத் திருத்தும் குழுவில் அமர்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஜூலை 1 முதல் விதிப்புத்தகத்திலிருந்து ஒரு சின்ன உரிமையை எடுத்துவிட்டீர்கள். ஃப்ரீ கிக் (தடையின்றிப் பந்தை உதைக்கும் வாய்ப்பு) கிடைத்த அணி, விரும்பினால் அதற்குப் பதிலாக, இரு அணியினரும் பூட்டிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம்மைக் கேட்கலாம் என்று இருந்தது. இப்போது கேட்கக் கூடாது. இந்தத் திருத்தம் எங்கிருந்து முளைத்தது என்பது ரக்பி பார்ப்பவர்கள் யாருக்கும் தெரியாததல்ல. 2023 அக்டோபர் 15, பாரிஸ், உலகக் கோப்பைக் காலிறுதி. பிரான்ஸ் உதைத்த பந்தைத் தன் பகுதியின் ஆழத்தில் பிடித்த தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்ஸே 'மார்க்' கேட்டார்; அப்படிக் கேட்டால் ஃப்ரீ கிக் கிடைக்கும். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பந்தை ஓங்கி உதைத்துத் தொல்லையைத் தூரத் தள்ளியிருப்பார்கள். அவரோ ஸ்க்ரம் வேண்டும் என்று சைகை காட்டினார். ஆபத்தான இடத்தில், வேண்டுமென்றே. அரங்கமே ஒரு கணம் விழித்தது. பிரான்ஸின் முன்வரிசை மறுபடி குனிய வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 29–28 என்று வென்றது. ஓராண்டு முடிவதற்குள் நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

ஆட்டம் வேகமாக வேண்டும், பந்து அதிக நேரம் கைமாற வேண்டும் என்பது நீங்கள் சொல்லும் நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரத்தைத் தின்கிறவர்கள் என்று நீங்கள் மறைமுகமாகக் கைகாட்டுவது 1, 3 எண் சட்டை அணிந்து ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் ப்ராப்களை. அவர்களின் தொழில் அவர்களிடம் எதைக் கேட்கிறது, ஆட்டத்துக்கு எதைத் தருகிறது என்று பார்த்த பிறகுதான் அந்தக் கணக்கைப் போட்டீர்களா என்பது என் சந்தேகம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று இந்த மடலைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஸ்க்ரம் என்பது எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் தலைகுனிந்து, பூட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளுவது. முன்னால் மூவர், அவர்களுக்குப் பின் நால்வர், கடைசியில் ஒருவர். முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் காலால் பந்தைப் பின்னுக்குத் தள்ளுவார். அவருக்கு இரு புறமும் ப்ராப்கள். இடது பக்கம் நிற்பவர் லூஸ்ஹெட். அவர் தலைக்கு ஒரு பக்கமாவது காற்று உண்டு. வலது பக்கம் நிற்பவர் டைட்ஹெட். அவர் தலை எதிரணியின் ஹூக்கருக்கும் லூஸ்ஹெட்டுக்கும் இடையில் செருகப்படும். நுகத்தடியில் பூட்டிய மாட்டுக்குப் பக்கத்தில் துணை மாடு ஒன்று நிற்கும். டைட்ஹெட்டின் கழுத்துக்கு இரு பக்கமும் எதிரிதான்.

தொலைக்காட்சியின் கேமரா மேலிருந்து பார்க்கும்போது இது வெறும் குவியல். பக்கவாட்டில் தரையை ஒட்டி வைத்த கேமராவில் பாருங்கள். டேப் சுற்றிய காதுகள். நடுவர் 'பைண்ட்' என்றதும் லூஸ்ஹெட்டின் இடது கை, எதிராளியின் வலது கைக்கு உள்ளே நுழைந்து விலாப்பக்கத்தில் துணியைத் தேடுகிறது. இன்றைய சட்டைகள் தோலோடு தோலாக ஒட்டித் தைக்கப்பட்டவை. எளிதில் பிடி கிடைக்காது. கிடைத்த மடிப்பை விரல்கள் சுருட்டிக்கொள்கின்றன. முழங்கை சரிந்தால் தோள் சரியும், தோள் சரிந்தால் ஸ்க்ரம் இடியும், இடிந்தால் நடுவரின் கை யாருக்காவது எதிராக உயரும், மறுபக்கத்துக்குப் பெனால்டி: கம்பத்தை நோக்கி உதைத்துப் புள்ளி எடுக்கும் வாய்ப்பு. இடுப்பு தோளுக்கு மேலே போய்விட்டதா, பாதம் எவ்வளவு பின்னால் இருக்கிறது, எதிராளி மூச்சை எப்போது விடுகிறான் என்பதையெல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் பலர் முப்பது வயதைத் தாண்டியவர்கள் என்பதில் வியப்பில்லை.

ஒருவருடைய ஆட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். டெண்டாய் ம்டவாரிரா. 1985-இல் ஹராரேயில் பிறந்தவர். டர்பனின் ஷார்க்ஸ் அணிக்கு வந்தபோது அவர் ப்ராப் அல்ல. ஸ்க்ரம்மின் பின்வரிசைக்காரர், பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி ஓடுபவர். பயிற்சியாளர் டிக் மியூர் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். சிறு வயதிலிருந்தே முன்வரிசையில் குனிந்து பழகியவர்களுக்கு எதிரே போய், வளர்ந்த பிறகு அந்த வேலையைக் கற்றுக்கொள்வது எவ்வளவு கொடுமையான பள்ளிக்கூடம் என்று உங்களில் முன்வரிசையில் ஆடியவர்களுக்குத் தெரியும். 2008 ஜூனில் வேல்ஸுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட், அதாவது சர்வதேச ஆட்டம், ஆடினார். சிறு வயதில் கிடைத்த 'பீஸ்ட்' என்ற பட்டப்பெயர் கூடவே வந்தது. அவர் கையில் பந்து பட்டாலே அரங்கம் அந்த ஒற்றைச் சொல்லை நீட்டி முழங்கும்.

2009 ஜூன் 20, டர்பன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ்–ஐரிஷ் லயன்ஸ் அணியுடன் முதல் டெஸ்ட். எதிரே டைட்ஹெட்டில் பில் விக்கரி. சாதாரண ஆள் இல்லை. 2003-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணிக்காரர், 2007 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அந்த அணியின் தலைவர். அன்று அவரை ம்டவாரிரா ஸ்க்ரம்மிலிருந்து மேலே கிளப்பினார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. பெனால்டி மேல் பெனால்டி. இடைவேளைக்குப் பின் சற்று நேரத்தில் விக்கரி வெளியே, ஆடம் ஜோன்ஸ் உள்ளே. தென்னாப்பிரிக்கா 26–21 என்று வென்றது. உலகம் பார்க்க ஒரு அனுபவசாலி அவமானப்பட்ட நாள் அது.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு இளைஞனின் வெற்றிக் கதை மட்டும்தான். அடுத்த டெஸ்ட்டில் ஆடம் ஜோன்ஸின் தோள் பெயர்ந்தது. ஜூலை 4, ஜோஹனஸ்பர்க்கில் மூன்றாவது டெஸ்ட்டுக்கு அதே விக்கரி, எதிரே அதே ம்டவாரிரா. இந்த முறை விக்கரி அசையவில்லை. லயன்ஸ் 28–9 என்று வென்றது. இரண்டே வாரத்தில் ஒருவர் பாடம் நடத்தினார், மற்றவர் படித்துவிட்டு வந்து திருப்பி நடத்தினார். ஓட்டத்தின் வேகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கதையைத் தவறவிடுவார்கள். இது நடந்த இடம் ஸ்க்ரம். அதைச் சுருக்கினால் இப்படிப்பட்ட கதைகளும் சுருங்கும்.

ம்டவாரிராவின் பாதை நேராகவும் போகவில்லை. குடிமகனே அல்லாதவர் எப்படி தேசிய அணியில் ஆடலாம் என்று 2010-இல் தென்னாப்பிரிக்க அரசியல்வாதிகள் கிளப்பினார்கள். அந்த ஆண்டே குடியுரிமை வந்தது. இதயத் துடிப்பில் கோளாறு ஏற்பட்டு சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். 2019 நவம்பர் 2 அன்று யோகோஹாமாவில் அவர் ஆடியது 117-ஆவது டெஸ்ட். அதுவரை எந்தத் தென்னாப்பிரிக்க ப்ராப்பும் அத்தனை ஆடியதில்லை. எதிரணி இங்கிலாந்து, ஆட்டம் உலகக் கோப்பை இறுதி. மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்லர் தலையில் அடிபட்டு நினைவிழந்து வெளியே போனார். மாற்று ஆளாகக் கடைசி அரை மணி நேரம் வரவேண்டிய டேன் கோல் ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் சுமக்க வேண்டியதாயிற்று. முதல் பாதி முழுக்க ம்டவாரிரா அவரைப் பிழிந்தெடுத்தார். ஸ்க்ரம் பெனால்டிகள் தென்னாப்பிரிக்காவுக்காக உதைக்கும் ஹேண்ட்ரே பொல்லார்டின் காலுக்குப் புள்ளிகளாகப் போயின. 32–12. சில நாளில் ம்டவாரிரா ஓய்வை அறிவித்தார்.

டேன் கோலை ஊடகங்கள் அன்று போட்டு மிதித்தன. நான்கு ஆண்டு கழித்து, 2023 அரையிறுதியில், அதே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக முப்பத்தாறு வயதில் அவர் மறுபடி டைட்ஹெட்டில் இறங்கினார். மழையில் நனைந்த அந்த இரவில் அவர் களத்தில் இருந்தவரை இங்கிலாந்தின் ஸ்க்ரம் நின்றது. இரு பக்கமும் ஆட்கள் மாறிய பிறகு தென்னாப்பிரிக்காவின் லூஸ்ஹெட் ஆக்ஸ் ந்ச்சே உள்ளே வந்து நிலைமையைப் புரட்டினார். கடைசி நிமிடங்களில் கிடைத்த ஒரு ஸ்க்ரம் பெனால்டி, பொல்லார்டின் நெடுந்தூர உதை, 16–15. ஒரு நாட்டின் உலகக் கோப்பைக் கனவு எப்படி முடிந்தது என்று கேட்டால் பதில் இடது பக்க ப்ராப்பின் தோளில் இருக்கிறது.

ஸ்க்ரம் சலிப்பூட்டும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இடிவது, எழுவது, மறுபடி இடிவது என்று நிமிடங்கள் கரைகின்றன. யார் இடித்தார் என்பதில் நடுவருக்கே பல நேரம் ஊகம்தான். பந்து பின்னால் தயாராகக் கிடக்கும்போது அதை எடுத்து ஆடாமல் பெனால்டிக்காக மேலும் தள்ளிக்கொண்டே இருக்கும் அணிகளைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வரும். ஸ்க்ரம் அமைக்க 30 நொடி என்று கடிகாரம் வைத்தீர்கள், நல்ல காரியம். வேகமாகக் குனியச் சொல்லலாம். குனியவே வேண்டாம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதுதான் கவலை.

இதில் இன்னொரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. 2022 நவம்பரில் கார்டிஃபில் ஜார்ஜியா வேல்ஸை 13–12 என்று வென்றது. முடியும் தறுவாயில் ஸ்க்ரம்மில் வேல்ஸைப் பின்னுக்குத் தள்ளிப் பெற்ற பெனால்டிதான் வெற்றியைத் தந்தது. ஐரோப்பாவின் முன்னணி அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் போட்டியில் இன்றும் இடமில்லாத நாடு ஜார்ஜியா. ப்ராப்களை வளர்த்து பிரெஞ்சு கிளப்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் நாடு. ஓரத்தில் வேகமாக ஓடும் விங் ஆட்டக்காரர்களை உருவாக்கப் பணமும் மைதானமும் கட்டமைப்பும் வேண்டும். ஸ்க்ரம்மில் பெரிய நாட்டைச் சந்திக்க எட்டுப் பேரின் பிடிவாதமும் நல்ல பயிற்சியும் போதும். ஸ்க்ரம்மின் மதிப்பைக் குறைக்கும் ஒவ்வொரு திருத்தமும் இந்த நாடுகளின் கையிலிருக்கும் ஒரே ஆயுதத்தை மழுக்குகிறது. விளையாட்டை உலகமெங்கும் பரப்ப வேண்டும் என்று பேசுகிற அமைப்புக்கு இது அழகா?

இனி, பாதுகாப்பு. இதைத் தொடாமல் ப்ராப்களின் பக்கம் பேச எனக்குத் தகுதியில்லை. ஸ்க்ரம் மனிதர்களை முடமாக்கியிருக்கிறது. 2005 மார்ச்சில் நார்தாம்ப்டனில் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியில் ஒரு ஸ்க்ரம் இடிந்தது. மேட் ஹாம்சன் என்ற இருபது வயது டைட்ஹெட்டின் கழுத்து முறிந்தது. நடுவராக நின்ற டோனி ஸ்ப்ரெட்பரி மருத்துவ உதவியாளர் பணியில் இருந்தவர் என்பதால் உயிர் பிழைத்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத நிலையில், ஹாம்சன் தன்னைப் போல் காயமுற்றவர்களுக்காக ஓர் அறக்கட்டளையை நடத்தி வருகிறார்.

இந்த இடத்தில் உங்களைப் பாராட்டவே வேண்டும். பாத் பல்கலைக்கழகத்தைக் கொண்டு ஸ்க்ரம்மின் விசையை அளக்க வைத்தீர்கள். சர்வதேச அணிகள் மோதும் கணத்தில் ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான விசை பாய்கிறது என்று தெரிந்தது. 2013-இல் 'க்ரவுச், பைண்ட், செட்' என்ற புதிய வரிசையைக் கொண்டுவந்தீர்கள். முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் மோத வேண்டும். மோதலின் உச்ச விசை 25 விழுக்காடு வரை குறைந்தது. ஸ்க்ரம் இருந்தது, ஆபத்து குறைந்தது. விதி செய்வது என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆனால் தலைக்குள் நடப்பது வேறு. கார்ல் ஹேமனை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆல் பிளாக்ஸ் என்ற நியூசிலாந்து தேசிய அணியின் ஆயிரமாவது ஆட்டக்காரர். 2001 முதல் 2007 வரை நியூசிலாந்தின் டைட்ஹெட், அந்தக் காலத்தில் உலகிலேயே தலைசிறந்தவர் என்று பலரும் ஒப்புக்கொண்டவர். பிறகு இங்கிலாந்தின் நியூகாசில் கிளப், அதன் பிறகு பிரான்ஸின் டூலோன் கிளப்; 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். 2021-இல், 41 வயதில், தனக்கு இளவயது மறதிநோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்திருப்பதாக அவரே வெளியில் சொன்னார். டர்பனில் கிளப்பி எறியப்பட்ட விக்கரி 2010-இல் கழுத்துக் காயத்தால் ஆட்டத்தை விட்டவர். மூளைக் காயத்துக்காக ரக்பி அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்த முன்னாள் ஆட்டக்காரர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருப்பது 2023 டிசம்பரில் வெளியே தெரிந்தது. வழக்கில் பொறுப்பு யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

ஸ்க்ரம்மைக் குறைத்தால் இது தீருமா? ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் சர்வதேச ஆட்டக்காரர்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவு, நரம்புச் சிதைவு நோய் வரும் அபாயம் அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்றது. ஆனால் எந்த இடத்தில் ஆடினார் என்பதைப் பொறுத்து அபாயம் மாறவில்லை. அடுத்த ஆண்டு, இறந்தபின் தானமாகக் கிடைத்த 31 ரக்பி ஆட்டக்காரர்களின் மூளைகளைப் பார்த்தபோது 21-இல் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு தென்பட்டது. அங்கும் கண்ணில் பட்ட காரணி எத்தனை ஆண்டு ஆடினார் என்பதுதான். முன்வரிசையா பின்வரிசையா என்பது அல்ல. தலையில் அடிபடுவதில் பெரும்பகுதி, பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளில் நடக்கிறது என்று உங்கள் கணக்குகளே சொல்கின்றன. ஸ்க்ரம்மில் பதினாறு பேர் கட்டுண்டிருக்கும்போது மீதிப் பேருக்கு மைதானம் திறந்து கிடக்கிறது. அதைக் குறைத்தால் மிச்சமாகும் நேரம் எதற்குப் போகும்? இன்னும் வேகமான ஓட்டத்துக்கும், இன்னும் அதிக டேக்கிளுக்கும். ஆகவே தயவுசெய்து ஃப்ரீ கிக் திருத்தத்தை யாரும் ஆட்டக்காரர் நலன் என்று போர்த்திக் காட்ட வேண்டாம். தொலைக்காட்சிக்காகச் செய்ததென்றால் தொலைக்காட்சிக்காக என்றே சொல்லலாம், நேர்மையாக வாதாடிக்கொள்வோம்.

ப்ராப்களின் நலனுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் போட்டி நடக்கும் சனிக்கிழமையை விட்டுவிட்டு, பயிற்சி நடக்கும் வார நாள்களைப் பாருங்கள். போட்டியில் நடக்கும் ஒவ்வொரு ஸ்க்ரம்மையும் கேமராக்கள் எண்ணுகின்றன. செவ்வாய்க்கிழமை காலையில், இரும்புச் சட்டத்தில் மெத்தை பொருத்திய ஸ்க்ரம் இயந்திரத்தின் முன்னாலும், பிறகு சொந்த அணியின் மாற்று ஆட்டக்காரர்களோடும் எத்தனை முறை குனிந்தார்கள் என்று பொதுவில் எந்தப் பட்டியலும் இல்லை. பதினைந்து ஆண்டு ஆடும் ஒரு டைட்ஹெட்டின் கழுத்தில் ஏறும் பாரத்தில் இந்தக் கணக்கில் வராத காலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2024 முதல் உயர்மட்ட ஆட்டங்களில் பல்காப்பில் உணரியைப் பொருத்தச் சொன்னீர்கள். தலை எவ்வளவு அதிர்ந்தது என்று அது காட்டும். அசையாமல் நின்று பாரம் தாங்கும் கழுத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ப்ராப்பின் வேலையில் பாதி அந்த அசையாத பாரம்தான்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கக்கூடத் தேவையில்லை. 2021 செப்டம்பரில் நீங்களே வழிகாட்டுதல் வெளியிட்டீர்கள்: வாரத்துக்கு முழு மோதல் பயிற்சி 15 நிமிடம், கட்டுப்படுத்திய மோதல் 40 நிமிடம், ஸ்க்ரம், லைன்அவுட் (கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிந்து போட்டியிடுவது) போன்றவற்றை நேரடியாக மோதிப் பழக 30 நிமிடம். அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. குறை, அது பரிந்துரையாகவே நிற்பதுதான். வில்லெம்ஸே கேட்ட ஸ்க்ரம்மைத் தடுக்க உங்களுக்கு ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. இந்த 30 நிமிடத்தைக் கட்டாயமாக்க எத்தனை ஆண்டு வேண்டும்?

போதிய பயிற்சி இல்லாத ஸ்க்ரம் இன்னும் ஆபத்தானது என்று பயிற்சியாளர்கள் எதிர்ப்பார்கள். பாதி உண்மை. நிற்கும் விதத்தையும் பிடியையும் முழு பலத்தோடு மோதாமலேயே கற்றுத்தர முடியும். பல நல்ல பயிற்சியாளர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். மோதித்தான் ஆகவேண்டும் என்றால் அதை எழுதி வைக்கட்டும்: யார், எந்த நாள், எத்தனை முறை. அந்தப் பதிவு ஆட்டக்காரர் கிளப் மாறும்போது கூடவே போகட்டும். ஓய்வு பெற்றபின் அவர் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

ஓய்வு பெற்றவர்களுக்காக மூளை நலச் சேவையைச் சில நாடுகளில் தொடங்கியிருக்கிறீர்கள். அதில் கழுத்தையும் முதுகெலும்பையும் சேருங்கள். அதைவிட முக்கியம், அது யார் வீட்டு வாசல் வரை போகிறது என்பது. டோங்கா, சமோவா, ஃபிஜி, ஜார்ஜியா நாடுகளிலிருந்து இளம் ப்ராப்கள் ஐரோப்பிய கிளப்களுக்குப் போகிறார்கள்; இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று ஆடி, தோளும் முழங்காலும் தேய்ந்து ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லண்டனிலும் சிட்னியிலும் இருப்பவருக்குக் கிடைக்கும் பரிசோதனை டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் இருப்பவருக்கும் கிடைக்குமா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

விதிகள் பற்றி முடிவெடுக்கும் மேசையில் சமீபத்தில் ஓய்வு பெற்ற ஒரு லூஸ்ஹெட்டும் ஒரு டைட்ஹெட்டும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். கருத்து மட்டும் கேட்டுவிட்டு அனுப்பும் அழைப்பாளர்களாக அல்ல. ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கும் உரிமையை மீட்பதா வேண்டாமா என்பதை அந்த மேசையில் மறுபடி வையுங்கள். அவர்களும் வேண்டாம் என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

2027-இல் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை. முதன்முறையாக 24 அணிகள். அதற்கு முன்பாக வார நாள் வரம்பு கட்டாய விதியாக வேண்டும், அந்தப் போட்டிக்கு வரும் ஒவ்வொரு முன்வரிசை ஆட்டக்காரரின் பயிற்சிப் பதிவும் உங்கள் மருத்துவக் குழுவின் கையில் இருக்க வேண்டும். முடியும் என்றால் எந்தத் தேதிக்குள் என்று அறிவியுங்கள். முடியாது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்வரிசையைப் பார்ப்பதற்காகவே ரக்பி பார்க்கும் ஒருவன்